ஒரு கிராமத் தொகுதியின் வரலாற்றை எழுதுவது எப்படி? ஆல்பர்ட்டாவின் லிட்டில் போ தொகுதியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகரத்துக்கும் லெத்பிரிட்ஜ் நகரத்துக்கும் இடையே, கோதுமை வயலும் மேய்ச்சல் நிலமுமாக விரிந்து கிடந்த ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு லிட்டில் போ என்று பெயர். 1913ஆம் ஆண்டுத் தேர்தலில் பிறந்து 2019ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வரைபடத்திலிருந்து மறைந்த அத்தொகுதி, அந்த 106 ஆண்டுகளில் ஏழே ஏழு பேரைத்தான் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவர்களில் இருவர் மட்டும், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்து, 56 ஆண்டுகள் அந்த இருக்கையில் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஒரு தொகுதியின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அந்த ஏழு பெயர்களையும் ஆண்டுகளையும் ஓர் அட்டவணையில் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் தொடங்கினேன். பிறகுதான், வென்றவர்களின் பட்டியல் அவ்வரலாற்றின் கடைசிப் பக்கமே தவிர முதல் பக்கம் அல்ல என்பது புரிந்தது. முதல் பக்கம் எல்லைக்கோடு. அதிலிருந்து தொடங்கி, வேலை செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே விளக்குகிறேன். லிட்டில் போவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டாலும், கனடாவின் சமவெளி மாகாணங்களில் (ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன், மானிட்டோபா) உள்ள எந்தக் கிராமத் தொகுதிக்கும் இந்த வழி பொருந்தும்.

முதல் படி: பெயரையும் ஆற்றையும் சரிபாருங்கள்

இது சிறிய வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் பின்னால் அவதிப்படுகிறார்கள். போ என்பது வில்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். கரையோரத் தாவரங்களைக் கொண்டு பழங்குடி மக்கள் வில் செய்ததால் போ ஆற்றுக்கு அப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். லிட்டில் போ வேறோர் ஆறு. அது போ ஆற்றில் கலப்பதில்லை. தென்கிழக்காக ஓடி ஓல்ட்மேன் ஆற்றில் கலக்கிறது. போ ரிவர் என்ற பெயரில் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குத் தனியாக ஒரு தொகுதி இருப்பதால், பழைய செய்தித்தாளில் 'போ' என்ற சொல்லைக் கண்டவுடன் அது நம் தொகுதி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாகாணத் தேர்தலும் கூட்டாட்சித் தேர்தலும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு எல்லைகளுக்குள், பல சமயம் வெவ்வேறு கட்சிகளுக்கு இடையே நடப்பவை. உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே இவ்விரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எல்லைக்கோட்டை நிலத்தில் வரையுங்கள்

ஆல்பர்ட்டா 1905ஆம் ஆண்டு செப்டம்பர் 1 அன்று மாகாணமானபோது அதன் சட்டமன்றத்தில் 25 இடங்களே இருந்தன. குடியேற்றம் பெருகப் பெருக அது 1909இல் 41 ஆகவும் 1913இல் 56 ஆகவும் உயர்ந்தது. இந்தக் கடைசி உயர்வில்தான் லிட்டில் போ உருவாயிற்று. அதே சமயத்தில்தான் கனேடியப் பசிபிக் ரயில்வேயின் புதிய பாதை இப்பகுதியின் வழியே போடப்பட்டு, வல்கன், சாம்பியன், கார்மன்கே போன்ற ஊர்கள் தண்டவாளத்தின் ஓரத்தில் முளைத்திருந்தன. ரயில் முதலில் வந்தது, ஊர் அடுத்து வந்தது, தொகுதி அதற்கும் பிறகு வந்தது என்ற இந்த வரிசையை மறக்காதீர்கள். பல நூற்றாண்டுகளாக இருக்கும் ஊர்களைச் சேர்த்துத் தொகுதி அமைத்துப் பழகிய நமக்கு இது சட்டென்று மனத்தில் படிவதில்லை.

அக்காலத்தில் தொகுதி எல்லைகள் சட்டத்தின் இணைப்பில் ஊர்ப் பெயர்களால் அல்ல, நில அளவைக் கணக்கால் எழுதப்பட்டன. அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் மேற்கொண்டு ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சமவெளி முழுவதும் 6 மைலுக்கு 6 மைல் கொண்ட சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு சதுரமும் ஒரு டவுன்ஷிப். அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கு நோக்கி டவுன்ஷிப்பை எண்ணுவார்கள். நான்காம் தீர்க்கரேகையான ஆல்பர்ட்டாவின் கிழக்கு எல்லையிலிருந்து மேற்கு நோக்கி ரேஞ்சை எண்ணுவார்கள். வல்கன் நகரம் டவுன்ஷிப் 17, ரேஞ்ச் 24 என்ற சதுரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு டவுன்ஷிப்பும் 36 செக்‌ஷன்கள் கொண்டது; ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர்; அதன் கால் பங்கான 160 ஏக்கர்தான் ஒரு குடியேறிக்கு 10 டாலர் கட்டணத்தில் கிடைத்த நிலம். செக்‌ஷன்களுக்கு எண் இடும் முறை நம் உழவருக்கு உடனே விளங்கும். தென்கிழக்கு மூலையில் 1 எனத் தொடங்கி, மேற்கே 6 வரை போய், அங்கிருந்து ஏர் திரும்புவதுபோலத் திரும்பி, அடுத்த சாலில் 7 முதல் 12 வரை கிழக்கே வந்து, மறுபடி மேற்கே போகும்.

ஒன்றைக் கையால் செய்து பார்ப்போம். ஒரு நிலப் பதிவில் 'வடமேற்குக் கால், 14-17-24, நான்காம் ரேகைக்கு மேற்கு' என்று இருந்தால், அது வல்கன் இருக்கும் அதே டவுன்ஷிப். 14 என்பது தெற்கிலிருந்து மூன்றாம் சாலில், கிழக்கிலிருந்து இரண்டாவது செக்‌ஷன். அதன் வடமேற்குக் கால் என்றால் டவுன்ஷிப்பின் தெற்கு விளிம்பிலிருந்து ஏறக்குறைய மூன்று மைல் வடக்கிலும், கிழக்கு விளிம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டு மைல் மேற்கிலும் முடிகிறது. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடலாம். இந்த வித்தை கைவந்தால், ஓர் எல்லை விவரிப்பை முழுவதும் ஒரு காகிதத்தில் வரைய ஒரு மாலைப்பொழுது போதும்.

ஒவ்வொரு மறுவரையறைக்கும் தனித்தனிக் காகிதத்தில் வரையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பெயர் ஒன்றாகவே இருந்தாலும் நிலம் நகர்ந்திருப்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். எடுத்துக்காட்டாக, பிக்சர் பட் என்ற ஊர் தொகுதியின் கடைசிப் பத்தாண்டுகளில் லிட்டில் போவுக்குள் இருந்தது. அவ்வூரில் சர்க்கரை ஆலை இருந்தது. 1942இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்கரையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜப்பானியக் கனேடியக் குடும்பங்கள் பல, தென் ஆல்பர்ட்டாவின் சர்க்கரைக்கிழங்கு வயல்களில் வேலைக்கு அமர்த்தப்பட்டன. இது நெஞ்சைப் பிசையும் வரலாறு. ஆனால், 1942இல் நடந்ததை லிட்டில் போவின் வரலாறாக எழுதுமுன், அவ்வாண்டின் கோடு எங்கே இருந்தது என்று பார்த்தே தீர வேண்டும். ஊரின் வரலாறு வேறு, தொகுதியின் வரலாறு வேறு.

மூன்றாம் படி: யார் பட்டியலில் இல்லை என்று கேளுங்கள்

1877ஆம் ஆண்டு செப்டம்பரில், போ ஆற்றங்கரையில் உள்ள பிளாக்ஃபுட் கிராசிங் என்ற இடத்தில், பழங்குடி மக்களுக்கும் கனடா அரசுக்கும் இடையிலான ஏழாம் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சிக்சிகா, காய்னாய், பீக்கானி உள்ளிட்ட மக்களின் பரந்த நிலம் அதன் பின்னரே குடியேறிகளுக்குச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. சட்டத்தின்படி 'இந்தியர்' என்று பதிவு செய்யப்பட்ட அம்மக்களுக்கு ஆல்பர்ட்டாவின் மாகாணத் தேர்தலில் வாக்குரிமை 1965இல்தான் கிடைத்தது. ஆகவே 1913 முதல் 1963 வரையிலான எந்தத் தேர்தல் முடிவை எழுதினாலும், 'தொகுதி மக்கள் தீர்மானித்தார்கள்' என்ற தொடரை நான் எழுத மாட்டேன். 'வாக்காளர்கள் தீர்மானித்தார்கள்' என்பதே உண்மை. பெண்களுக்கு 1916இல் வாக்குரிமை வந்தது. 1917ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். வாக்குரிமை விரிந்த 1916, 1965 ஆகிய இரு ஆண்டுகளையும் உங்கள் கால வரிசையில் தடித்த கோட்டால் குறித்து வையுங்கள்.

மக்கள்தொகையை அறிய இன்னொரு வசதி உண்டு. சமவெளி மாகாணங்களுக்கு மட்டும் 1906, 1916, 1926 ஆகிய ஆண்டுகளில் தனியாகக் கணக்கெடுப்பு நடந்தது. தேசிய ஆவணக் காப்பகம் அவற்றின் பக்கங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. குடியேறிகளின் நிலப் பதிவுகளையும் அங்கேயே தேடலாம். யார் எந்த நாட்டில் பிறந்தவர், எந்த மொழி பேசுபவர், எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பவற்றை டவுன்ஷிப் வாரியாக எண்ணி வைத்தீர்களானால், பின்னால் வாக்குகளை விளக்கும்போது ஊகத்தில் இறங்க வேண்டிய தேவை பாதியாகக் குறையும்.

நான்காம் படி: இப்போது உறுப்பினர்களின் வரிசைக்கு வாருங்கள்

முதல் உறுப்பினர் லிபரல் கட்சியின் ஜேம்ஸ் மெக்னாட்டன். 1921இல் அவருக்குப் பின் வந்தவர் ஐக்கிய உழவர் அமைப்பின் ஓரன் மெக்ஃபர்சன். உலகப் போருக்குப் பின் கோதுமை விலை சரிந்து, கடன் கழுத்தை நெரித்த காலம் அது. உழவர்கள் தங்கள் சங்கத்தையே தேர்தல் களத்தில் இறக்கி, 61 இடங்களில் 38ஐ வென்று, 16 ஆண்டு லிபரல் ஆட்சியை முடித்து வைத்தார்கள். மெக்ஃபர்சன் 1922 முதல் 1926 வரை சபாநாயகராகவும், அதன் பின் பொதுப்பணித் துறை அமைச்சராகவும் இருந்தார்.

1935ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று எல்லாம் புரண்டது. மழை பொய்த்து, மண் காற்றோடு பறந்து, கோதுமை ஒரு புஷலுக்கு (தானியம் அளக்கும் அளவு) 40 சென்ட்டுக்கும் கீழே போயிருந்த ஆண்டுகள் கடந்திருந்தன. கால்கரியிலிருந்து ஞாயிறுதோறும் வானொலியில் வேதாகமம் போதித்து வந்த வில்லியம் ஏபர்ஹார்ட், ஒவ்வொரு வயது வந்தவருக்கும் மாதம் 25 டாலர் வழங்கலாம் என்ற சோஷியல் கிரெடிட் கொள்கையோடு களம் இறங்கினார். அவர் கட்சி 63 இடங்களில் 56ஐ வென்றது. உழவர் அமைப்புக்கு ஓர் இடமும் மிஞ்சவில்லை. லிட்டில் போவில் முன்னாள் அமைச்சர் மெக்ஃபர்சனை வீழ்த்தியவர் பீட்டர் டாசன் என்ற திருச்சபைப் போதகர். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். வானொலிப் போதகரின் கட்சிக்கு ஒரு கிராமப் போதகர் வேட்பாளரானது தற்செயல் அல்ல என்பதே என் கருத்து. அந்த இயக்கம் பரவியது கட்சி அலுவலகங்கள் வழியாக அல்ல. தேவாலயக் கூடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கூடிய படிப்பு வட்டங்கள் வழியாகத்தான்.

டாசன் 1937இல் சபாநாயகரானார். 1963 மார்ச்சில் இறக்கும்வரை அப்பதவியிலேயே இருந்தார். இங்கே ஆய்வாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சபாநாயகர் விவாதத்தில் பேசுவதில்லை. ஆகவே 26 ஆண்டுகள் லிட்டில் போவின் குரல் சபையில் விவாதமாக ஒலிக்கவில்லை. தொகுதிக்கு இது இழப்பா, நன்மையா? சாலையும் பாசனமும் கேட்க, அமைச்சர்களின் கதவைத் தட்டும் தூரத்தில் தங்கள் ஆள் இருந்ததை வாக்காளர்கள் நன்மையாகவே கண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரையே திரும்பத் திரும்ப அனுப்பியிருக்க மாட்டார்கள்.

டாசனுக்குப் பின் வந்தவர் என்சான்ட் என்ற சிற்றூரில் பிறந்த ரேமண்ட் ஸ்பீக்கர். ஆவணங்களைத் தேடும்போது பெரிய குழப்பம் இங்கேதான் எழும்; சபாநாயகரை ஆங்கிலத்தில் ஸ்பீக்கர் என்றே சொல்வார்கள். 'லிட்டில் போ', 'ஸ்பீக்கர்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துத் தேடினால் மெக்ஃபர்சன், டாசன் ஆகிய இரண்டு சபாநாயகர்களும், அந்தப் பதவியை வகிக்காத, பெயரே ஸ்பீக்கர் என்று அமைந்த உறுப்பினரும் ஒன்றாகக் கலந்து வருவார்கள். ஆண்டைச் சேர்த்துத் தேடுவதே ஒரே வழி.

ஸ்பீக்கரின் பயணம்தான் இத்தொகுதி வரலாற்றின் மிகச் செறிவான பகுதி. 1971இல் பீட்டர் லாகீட் தலைமையில் முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி, 36 ஆண்டு சோஷியல் கிரெடிட் ஆட்சியை வீழ்த்தியது. எட்மன்டன் நகரம் முழுவதும் அதன் பக்கம் சாய்ந்தது. லிட்டில் போ சாயவில்லை. அடுத்தடுத்த தேர்தல்களில் சோஷியல் கிரெடிட் நான்கே இடங்களாகச் சுருங்கியபோதும் அதில் ஒன்று லிட்டில் போ. 1982இல் அக்கட்சி ஓர் இடமும் பெறாமல் போனது. ஆனால் அதை விட்டு வெளியேறிய ஸ்பீக்கர் சுயேச்சையாக நின்று வென்றார். 1984இல் வால்ட் பக் என்ற சக சுயேச்சை உறுப்பினருடன் சேர்ந்து ரெப்ரசென்டேடிவ் கட்சியைத் தொடங்கி, 1986இல் அதன் பெயரில் வென்றார். 1989இல் அவரே கன்சர்வேட்டிவ் வேட்பாளராக நின்று வென்று அமைச்சரானார். 1992இல் பதவி விலகி, மறு ஆண்டு ரிஃபார்ம் கட்சியின் சார்பில் லெத்பிரிட்ஜிலிருந்து நாடாளுமன்றம் சென்றார்.

கட்சிப் பெயர்களை மட்டும் பார்த்தால் வாக்காளர்கள் மூன்று முறை மனம் மாறியதாகத் தோன்றும். உண்மையில் அவர்கள் ஓர் ஆளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாறியது சட்டை மட்டுமே. இதனால்தான், கட்சியின் நிறத்தை வைத்துக் கிராமத் தொகுதியின் வரைபடத்தைத் தீட்டுவதை நான் ஏற்பதில்லை.

மற்ற மூவரைச் சுருக்கமாகக் குறிக்கலாம். பேரி மெக்ஃபார்லண்ட் 1992ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் வந்து 2012 வரை இருந்தார். 2012இல் தென் ஆல்பர்ட்டாவின் கிராமப்புறம் வைல்ட்ரோஸ் கட்சிக்குப் போனபோது இயன் டோனவன் வென்றார். 2014 நவம்பரில் அவர் ஆளுங்கட்சிக்கு மாறினார். 2015இல் மாகாணமே புதிய ஜனநாயகக் கட்சியின் கைக்கு மாறிய தேர்தலில், லிட்டில் போ டேவிட் ஷ்னைடரை வைல்ட்ரோஸ் வேட்பாளராகவே தேர்ந்தெடுத்தது. 2017இல் அக்கட்சியும் கன்சர்வேட்டிவ் கட்சியும் இணைந்து ஐக்கிய கன்சர்வேட்டிவ் கட்சி ஆயின.

ஐந்தாம் படி: எண்களை அவற்றின் காலத்து விதிப்படி படியுங்கள்

ஆல்பர்ட்டா கிராமத் தொகுதிகளில் 1926 முதல் 1955 வரையிலான எட்டுத் தேர்தல்கள் விருப்ப வரிசை முறையில் நடந்தன. வாக்காளர் 1, 2, 3 என்று எண் இடுவார். முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். ஆகவே ஒரே தேர்தலுக்கு இரண்டு வேறு வேறு வாக்குத் தொகைகளை நீங்கள் காண நேரலாம். இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஒன்று முதல் எண்ணிக்கை, மற்றது இறுதி எண்ணிக்கை. 1952ஐயும் 1963ஐயும் ஒப்பிடும் எவரும் முதல் எண்ணிக்கையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

பொது வாக்கெடுப்புகளையும் விட்டுவிடாதீர்கள். ஆள் பெயரும் கட்சிப் பெயரும் இல்லாமல் மக்கள் கருத்தை அறியக் கிடைக்கும் அரிய சான்று அவை. 1915இன் மதுவிலக்கு வாக்கெடுப்பு ஒன்று. 1948இல் மின்சாரத்தை அரசே வழங்குவதா, தனியார் நிறுவனங்களிடமே விடுவதா என்று கேட்டபோது, மாகாணம் முழுவதும் சேர்ந்து வெறும் 151 வாக்கு வித்தியாசத்தில் தனியார் பக்கம் முடிவானது. அத்தகைய நெருக்கத்தில் ஒவ்வொரு தொகுதியின் கணக்கும் எடை உள்ளது. மண்ணெண்ணெய் விளக்கில் இருந்த பண்ணை வீடுகளும் மின்கம்பம் வந்துவிட்ட ஊர்களும் வெவ்வேறாக வாக்களித்தனவா என்று வாக்குச்சாவடி வாரியாகப் பாருங்கள்.

ஆறாம் படி: குரல்களைத் தேடுங்கள்

ஆல்பர்ட்டா சட்டமன்றத்தின் அதிகாரபூர்வ விவாதப் பதிவு 1972இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு, சட்டமன்ற நூலகம் செய்தித்தாள்களிலிருந்து வெட்டி ஒட்டிச் சேர்த்து வைத்த தொகுப்புகள்தான் துணை. எட்மன்டனில் உள்ள மாகாண ஆவணக் காப்பகத்தில் நாட்களை ஒதுக்கிக்கொண்டு செல்லுங்கள். கால்கரிப் பல்கலைக்கழகத்தில் இப்போது வைக்கப்பட்டுள்ள கிளென்போ ஆவணத் தொகுப்பு, உழவர் இயக்கத்துக்கு மிக வளமானது. வல்கன் நகரின் உள்ளூர் வார இதழை நுண்படச் சுருளில் படிக்கும்போது, தேர்தல் வாரத்தின் இதழை மட்டும் எடுக்காமல், அதற்கு முந்தைய மூன்று மாத இதழ்களையும் படியுங்கள். தானிய விலை, ஆலங்கட்டி மழைச் சேதம், பள்ளிக் கூட்ட அறிவிப்பு ஆகியவற்றுக்கு நடுவில்தான் வேட்பாளரின் பெயர் முதன்முதலாகச் சிறிய எழுத்தில் தென்படும். அதைக் கண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எந்த முடிவு அட்டவணையும் தந்ததில்லை.

ஊர் மக்களே தொகுத்த உள்ளூர் வரலாற்று நூல்கள் இப்பகுதியின் சிறு நூலகங்களில் கிடைக்கின்றன. குடும்பம் குடும்பமாக எழுதப்பட்டவை. ஆண்டுகளில் பிழை இருக்கும், உணர்வில் பிழை இருக்காது. ஆண்டை அரசிதழோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

ஏழாம் படி: முடிவையும் எல்லைக்கோட்டிலேயே தேடுங்கள்

1991இல், சஸ்காச்சுவன் மாகாணத் தொகுதிகள் பற்றிய வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம், வாக்குரிமை என்பது எல்லா வாக்குகளுக்கும் கணித முறையில் சம எடை அளிப்பது அல்ல, பயனுள்ள பிரதிநிதித்துவம் அளிப்பதே என்று கூறியது. பரந்த நிலத்தில் சிதறி வாழும் மக்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. ஆல்பர்ட்டாவின் சட்டம் சராசரியிலிருந்து மேலும் கீழும் 25 சதவீதம் வரை விலகலை அனுமதிக்கிறது. நான்கு தொகுதிகள் வரை 50 சதவீதம் குறைவாகவும் இருக்கலாம். ஆனாலும் நகரங்கள் வளர்ந்துகொண்டே போனபோது அந்தப் பாதுகாப்பும் போதவில்லை. 87 இடங்களைக் கொண்ட சட்டமன்றத்தில் தொகுதிச் சராசரி ஏறத்தாழ 46,700 பேர் என்று கணக்கிட்ட 2017ஆம் ஆண்டு எல்லை ஆணையம், கிராமப்புறத் தொகுதிகளை இணைத்து நகரங்களுக்கு இடம் ஒதுக்கியது. லிட்டில் போவின் பெரும்பகுதி கார்ட்ஸ்டன்-சிக்சிகா என்ற புதிய தொகுதிக்குப் போயிற்று.

ஆணையத்தின் அறிக்கையோடு, அதன்முன் மக்கள் அளித்த மனுக்களையும் படியுங்கள். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் தாங்கள் எந்தச் சாலையில் போகிறோம் என்பதைச் சொல்லியே ஒரு தொகுதியின் எல்லையை மக்கள் வாதாடுவார்கள். அந்த வாதத்தில் ஒரு நூற்றாண்டுப் பழக்கம் பதிவாகியிருக்கும்.

கடைசியாக, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 16 தேர்தலின் வரைபடத்தை எடுத்து, உங்கள் 1913ஆம் ஆண்டுக் காகிதத்தின்மேல் வையுங்கள். பழைய கோட்டுக்குள் இருந்த ஒவ்வொரு டவுன்ஷிப்பும் அந்த வரைபடத்தில் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் பென்சிலால் எழுதுங்கள். உடன்படிக்கை கையெழுத்தான நிலத்தின் மக்களுடைய பெயர், 1913இன் தொகுதிப் பெயரில் இல்லாத அந்தச் சிக்சிகா என்ற பெயர், அப்போது உங்கள் கையாலேயே பல சதுரங்களில் எழுதப்படும்.